ஆலங்கட்டி வருஷத்து ஒயின்

ஞாயிறு பூசை முடிந்ததும் எவாசியோ நேராக நிலவறைக்குத்தான் இறங்குவார். மூலையில் படுத்திருக்கும் பாட்டில்களில் ஒன்றை எடுத்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கோவிலில் கொட்டாவி விட்ட மனிதர், இங்கே பயபக்தியோடு நிற்பார். "இன்னும் ஆகல" என்று பாட்டிலிடமே சொல்லிவிட்டுத் திரும்பப் படுக்க வைப்பார்.

அது எங்கள் இத்தாலிய மலைச்சரிவின் பரோலோ ஒயின். இளசில் அந்த ஒயினோடு யாரும் குடித்தனம் நடத்த முடியாது. துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கும். டிராக்டர் மெக்கானிக் எவாசியோவும் அந்த ஜாதிதான். காலை வணக்கம் சொன்னால், "மதியம் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். இடுப்பில் கட்டியிருப்பது அறுந்துபோன என்ஜின் பெல்ட்.

குழந்தை பிறந்தால் அந்த வருஷத்து ஒயினைக் கல்யாணத்துக்கென்று எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். ஜாதகம் தெரியாத ஊர். ஒயினை வைத்துத்தான் ஆளை எடை போடுவோம். எவாசியோவின் மகள் ஒர்னெல்லா பிறந்த வருஷம் கோடை முழுக்க மழை, அறுவடைக்கு முன் ஆலங்கட்டி. புத்தியுள்ளவர்கள் அந்தச் சாற்றைப் புளிக்கவிட்டு, கீரையில் ஊற்றும் காடியாக்கினார்கள். இவர் மட்டும் தப்பிய குலைகளைப் பொறுக்கி ஒயின் போட்டார். ஊர் அந்தப் பெண்ணுக்கே 'ஆலங்கட்டி' என்று பெயர் வைத்துவிட்டது. அந்தப் பெயரைச் சொன்னவனின் டிராக்டர் இன்றுவரை பழுது பார்க்கப்பட்டதில்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் தெரேசியோவுக்கு அந்தக் கவலை கிடையாது. டிராக்டரை வெளியூரில் பழுது பார்த்துக்கொள்வார். கிறிஸ்துமஸ் தோறும் தன் நல்ல வருஷத்துப் பழைய பாட்டில் ஒன்றை, தங்க எழுத்துச் சீட்டு ஒட்டியபடியே, எவாசியோவுக்குக் கொடுப்பார். கூடவே ஒரு குத்தலும் வரும்.

"யோவ், ஆலங்கட்டிக்கே நரை வந்திருச்சு. உன் ஒயினுக்கு இன்னும் மீசை முளைக்கலியா?"

"போன வருஷம் நீ குடுத்ததை மாட்டுக்கறி வேக வைக்க ஊத்தினேன். கறி கெட்டுப்போச்சு."

ஒர்னெல்லா வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தாள். அப்பாவுக்கு உள்ளூர நிம்மதி. பாட்டிலைத் திறக்காத வரைக்கும் அது காடி என்று யாராலும் நிரூபிக்க முடியாதே. நாற்பது வயதில் அவள் ஆல்பா ஊர் பஸ் டிரைவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அவசரப்படாதம்மா. இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்."

"யாருக்குப்பா? எனக்கா, ஒயினுக்கா?"

கல்யாண விருந்தில் எவாசியோவே அந்தப் பாட்டிலின் தக்கையைப் பிடுங்கினார். அது பாதியில் முறிந்தது. முதலில் எழுந்தது ஈர நிலவறையும் பழைய செருப்பும் கலந்த நாற்றம். எதிரே உட்கார்ந்திருந்த தெரேசியோ மூக்கைச் சுளித்தார்.

"கீரைக்கு ஊத்திக்கலாம்யா."

"வாயை மூடிட்டு உக்காரு. நாப்பது வருஷமா மூச்சு முட்டிக் கெடந்தது. முழிச்சு வரட்டும்."

அவர் பெஞ்சு மறைவில் குனிந்து ஒயினைக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றினார். அது குடுவையில் காத்துக்கொண்டிருக்க, நாங்கள் கறிக் கொழுக்கட்டை சாப்பிட்டு முடித்தோம். பிறகு ஊற்றினார். பழைய செங்கல்லின் நிறம். காய்ந்த ரோஜா, ஆரஞ்சுத் தோல், அடியில் தார் வாசனை. பழைய துவர்ப்பு தணிந்து, லேசான முறைப்பு மட்டும் மிச்சமிருந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஒர்னெல்லா குடித்துவிட்டு, "உன் பட்டறை வாசனைப்பா" என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

எல்லாரும் தெரேசியோவைப் பார்த்தோம். அவர் குடித்தார். பிறகு காலிக் கோப்பையை நீட்டினார்.

"மோசமில்ல."

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் எதையும் புகழ்ந்தது கிடையாது.

எவாசியோ அவருக்கு ஊற்றினார். பக்கத்தில் இருந்த என் காலில் ஏதோ தட்டுப்பட, குனிந்து பார்த்தேன். இன்னொரு பழைய பாட்டில், காலி. அதன் சீட்டு கத்தியால் சுரண்டப்பட்டிருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு தங்க எழுத்து தப்பியிருந்தது. எவாசியோ தெரேசியோவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், குதிகாலால் அதை மெதுவாகப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.