ஃபோர்க்லிஃப்டுக்கு நெற்றி எது?

போன வெள்ளிக்கிழமை காலை, கிள்ளானில் ஒரு கிடங்குக்குள் நிற்க வைத்து, ஃபோர்க்லிஃப்டுக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்கள்.

'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். நாலே எழுத்து. ஆனால் பத்தி எழுதுகிற ஆசாமிக்கு அந்தச் சொல் வாயில் வராது. வாராவாரம் எல்லாம் தெரிந்த மாதிரியே எழுதி எழுதி நாக்கு அப்படிப் பழகிவிட்டது. எனவே பதில் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் விரலை நீட்டிக் காட்டவும் செய்தேன்.

காட்டிய பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் குளோரியாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

குளோரியா என் மனைவியின் தங்கை. மெக்கானிக்கல் இன்ஜினியர். ரயில்வே குடும்பம், மாலையானால் ஜெபமாலை சொல்கிற கத்தோலிக்கர்கள். அந்த வீட்டில் பெண் எடுத்த ஒரே இந்து நான். அதனால் இந்து மதத்தில் அவர்களுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் தீர்த்து வைக்கும் அதிகாரி நானே. பால்குடம் எடுப்பவர் வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது, புதுமனைப் புகுவிழாவுக்கு எந்தக் கலரில் சேலை கட்டுவது — எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வரும். நான் கோவிலுக்குப் போவதே பெரும்பாலும் புளிச்சோற்றுக்காக என்பது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

குளோரியா ஒரு பெரிய நிறுவனத்தில் வெளிநாட்டு ஃபோர்க்லிஃப்ட்களை விற்றுக்கொண்டும் பழுது பார்த்துக்கொண்டும் இருந்தாள். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து, தானே ஒன்றைச் செய்யப் போவதாக அறிவித்தாள். இரண்டு தோழிகள் சேர்ந்துகொள்ள, கிள்ளானில் ஒரு ஒர்க்‌ஷாப். பழைய முதலாளி நல்ல மனிதர். 'எப்ப வேணும்னாலும் திரும்பி வாம்மா, உன் நாற்காலி காலியாவே இருக்கும்' என்று சொல்லி அனுப்பினார். அதைவிடக் கொடுமையான வசவை குளோரியா கேட்டதில்லை.

ஏன் இந்த வேண்டாத வேலை? கிடங்கு முதலாளிகளின் ஆசைதான் காரணம். நம்முடைய கிள்ளான் பள்ளத்தாக்கில் நிலம் விற்கிற விலைக்கு, கிடங்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வருகிறது. இன்னொரு வரிசை ரேக் போடலாமே? போடுவார்கள். நடுவே உள்ள பாதை ஒடுங்கும். அடுத்த வருடம் இன்னொரு வரிசை. கடைசியில் சரக்கெல்லாம் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். எடுக்கப் போகிறவனுக்குத்தான் வழி இருக்காது.

பிரிக்பீல்ட்ஸ்காரனான எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் ஐந்தடி நடைபாதையில் பூக்கடைக்கு இடம் உண்டு, பிளாஸ்டிக் வாளிகளுக்கு இடம் உண்டு, கிளி ஜோசியருக்கும் கிளிக்கும் தனித்தனியாக இடம் உண்டு. நடக்கிறவன் மட்டும் சாலையில் இறங்கி மோட்டார் சைக்கிளோடு மல்லுக்கு நிற்க வேண்டும்.

குளோரியாவின் மெஷினுக்கு இடுப்பு உண்டு. அதுதான் விசேஷம். சாதாரண ஃபோர்க்லிஃப்ட் ஒரே துண்டு. முன்னால் பாரம் தூக்க இரண்டு இரும்புக் கைகள், பின்னால் அந்தப் பாரத்துக்கு ஈடு கொடுக்க ஒரு பெரிய இரும்புக் கட்டி. திரும்ப வேண்டுமானால் மொத்த உடம்பும் பின்பக்கத்தை வீசித் திரும்பியாக வேண்டும். அகலமான பாதை இல்லாமல் நடக்காது. இவளுடையதோ இடுப்பில் மடங்கும். பின்பாதி பாதையில் நேராக நிற்க, முன்பாதி மட்டும் ரேக்கைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும்.

இதை எங்கள் வீட்டு அடுப்படியில் வைத்துத்தான் எனக்கு விளக்கினாள்.

"அத்தான், ஃபிரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடுவுல நீங்க திரும்புறப்ப என்ன ஆகுது?"

"உங்க அக்கா திட்டுவா."

"ஏன்னா நீங்க மொத்தமாத் திரும்புறீங்க. உங்களுக்கு இடுப்புன்னு ஒண்ணு இல்ல. நீங்கதான் பழைய மாடல்."

பாரத்துக்கு ஈடான அந்தக் கட்டி மட்டும் பின்னால் இருப்பதற்குப் பதில் முன்னால் இருக்கிறது என்று என் மனைவி அடுப்பருகிலிருந்து திருத்தம் சொன்னாள். அக்காளும் தங்கையும் ஒன்று சேர்ந்தால் எனக்கு எந்தப் பக்கமும் வழி கிடையாது.

ஆனால் விஷயம் இடுப்போடு முடியவில்லையாம். மடங்கும்போது பாரம் ஒரு பக்கமாகப் போகும். வண்டி சாயப் பார்க்கும். சாயாமலிருக்க எடையைக் கூட்டினால் நீளம் கூடும். நீளம் கூடினால் சந்துக்குள் திரும்பாது. சரி, பேட்டரியைச் சின்னதாக்கலாம் என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வண்டி தூங்கிவிடும். ஒன்றைச் சமாதானப்படுத்தினால் இன்னொன்று கோபித்துக்கொள்கிறது — கல்யாண மண்டபத்தில் சம்பந்திகளுக்கு நாற்காலி போடுகிற மாதிரி. இரண்டு வருடமாக அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தாள். கடைசியாக முன்பக்கத்தில் வைத்திருக்கும் ஏதோ ஒன்றைப் பற்றியும் சொன்னாள். அந்த நேரம் பார்த்து வடை வந்துவிட்டது. நான் சரியாகக் கேட்கவில்லை.

ஒருவழியாக முதல் மெஷின் தயார். பார்க்க ஒப்புக்கொண்டவர் மாணிக்கம். அரிசி, பருப்பு, மிளகாய் வற்றல், அப்பளம் இறக்குமதி செய்பவர். மேலே சொன்ன ரேக் ஆசை அவருக்குக் கொஞ்சம் அதிகம். அவர் கிடங்கில் சில பாதைகளில் பழைய ஃபோர்க்லிஃப்ட் மூக்கை மட்டுமே நுழைக்க முடியும். மாணிக்கம் கறாரான மனிதர். வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால், ஆகக் குறுகலான பாதைக்குள் மெஷின் போக வேண்டும். பேலட் எனும் ஒரு பலகைத் தட்டு நிறையத் துவரம் பருப்பை மேல்தட்டில் வைக்க வேண்டும். எதையும் இடிக்காமல் வெளியே வர வேண்டும். வந்தால் மூன்று மெஷினுக்கு ஆர்டர். வராவிட்டால் திங்கட்கிழமை வெளிநாட்டு மெஷினுக்குக் கையெழுத்து. அதை விற்பது யார்? நாற்காலியைக் காலியாக வைத்திருக்கும் அதே நல்ல மனிதர்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. பூசை போடாமல் எந்தப் புது வண்டியும் அவருடைய கிடங்கில் ஓடாது.

குளோரியா எனக்குப் போன் செய்தாள். தனக்கு இந்த முறையெல்லாம் தெரியாது, தெரியாமல் ஏதாவது தப்பு நடந்துவிடக் கூடாது, நான் பக்கத்தில் நின்றாலே போதும் என்றாள். தப்பு நடக்காமல் இருக்க என்னைக் கூப்பிட்டாள் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவும்.

போனோம். கூட்டரசு நெடுஞ்சாலை முழுக்க அவள் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் மட்டும் போட்டுக்கொண்டு வந்தாள்.

கிடங்கில் நுழைந்ததும் முதல் அதிர்ச்சி — அந்தக் குறுகலான பாதையின் வாயிலில் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தார்கள். குளோரியாவின் கணக்கில் பக்கத்துக்கு நாலு விரல்தான் இடைவெளி. வாழைமரம் கணக்கில் இல்லை. நான் முன்னே போய், வாழை என்பது விருந்தினர் நுழையும் வாசலில்தானே அழகு என்று மாணிக்கத்திடம் பக்குவமாகப் பேசி, மரங்களை ஆபீஸ் வாசலுக்கு மாற்ற வைத்தேன். குளோரியா என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது. அங்கேயே நான் வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும்.

அவள் தரையில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கப் பாதையின் அடுத்த கோடிக்குப் போனாள். மாணிக்கம் தாம்பாளத்தோடு வந்தார். மாலை ஏறியது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"லோரின்னா கண்ணாடிக்கு மேல. காருன்னா பானெட்ல. இதுக்கு நெத்தி எது சார்?"

நியாயமான கேள்வி. மெஷினுக்கு முன்னால் முழுக்கச் சங்கிலியும் கிரீஸும்தான். போதாததற்கு இடுப்பு மடங்கி நின்றது. முகம் இடது பக்கம் பார்க்கிறதா, நேராகப் பார்க்கிறதா என்றே சொல்ல முடியவில்லை. சரக்கு இறக்க வந்திருந்த லோரிக்காரர்கள் கூடி விவாதித்தார்கள். ஓட்டுநர் சீட்தான் தலை என்றார் ஒருவர். அப்படியென்றால் அதில் உட்காரப் போகிற கிடங்கு ஓட்டுநர் ராஜாவுக்கே பொட்டு வைத்துவிடலாமே லா என்றார் இன்னொருவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பார்த்தேன். முன்பக்கம், முழங்கால் உயரத்தில், வட்டமாக, கறுப்பாக, கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக ஒரு வில்லை. பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல இருந்தது.

"இதுதான்," என்றேன். "எங்க பளபளப்பு இருக்கோ அங்கதான் லட்சுமி."

அப்படி எந்த நூலிலும் இல்லை. ஆனால் மாணிக்கத்துக்குப் பிடித்துவிட்டது. மனசாரக் குழைத்த சந்தனத்தை அகலமாக அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தார்.

சூடம் காட்டியானதும் ராஜா ஏறி உட்கார்ந்தான். பட்டனை அழுத்தினான். பீப், பீப், பீப். சிவப்பு விளக்கு. மெஷின் அசையவில்லை. மறுபடி அழுத்தினான். மறுபடி பீப். எலுமிச்சம்பழங்கள் முழுசாக, மஞ்சளாக, அப்படியே இருந்தன. நசுங்காத எலுமிச்சம்பழம் எவ்வளவு பெரியதாகத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

யாரோ ஹேண்ட்பிரேக்கைப் பார்க்கச் சொன்னார்கள். யாரோ சகுனம் என்று முணுமுணுத்தார்கள். மாணிக்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் வந்துகொண்டிருந்தது.

குளோரியா ஓடி வந்தாள். விளக்கைப் பார்த்தாள். குனிந்தாள். நிமிர்ந்து என்னிடம் வந்து, உதடு அசையாமல் பேசினாள்.

"அத்தான், அதுதான் கண்ணு. எதுக்க ஏதாவது இருந்தா நிறுத்திடும். இப்ப மூஞ்சிக்கு முன்னால சுவர் நிக்குதுன்னு நினைக்குது. யாரு வச்சா?"

"முதலாளி."

"இடத்தக் காட்டுனது?"

நான் மேல்தட்டில் இருந்த அப்பளப் பெட்டிகளை ஆராய ஆரம்பித்தேன்.

"துடைச்சிடவா?" என்றாள்.

"இப்பவா? எல்லார் முன்னாலயுமா?"

எனக்குத் தெரிந்த சாஸ்திரம் கொஞ்சம்தான். ஆனால் இது தெரியும். கற்பூரம் இன்னும் அணையவில்லை. முதலாளி தன் கையால் வைத்த குங்குமத்தை, அவர் கண்ணெதிரே, கழுத்தில் சிலுவை போட்ட பெண் துணியால் துடைத்தால் என்ன ஆகும்? ஆர்டர் மட்டுமா போகும்? துடைத்தால் முதலாளி நிற்க மாட்டார், துடைக்காவிட்டால் மெஷின் நகராது. நாலு விரல் இடைவெளி கூட இல்லை.

குளோரியா கழுத்துச் சங்கிலியைப் பிடித்து வெளியே இழுத்தாள். சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாவி தொங்கியது. பாதைக்குள் மெஷின் கண் கெட்டுப்போய் நின்றுவிட்டால் வெளியே கொண்டுவருவதற்காக அவள் வைத்த ஏற்பாடு. சாவியைப் போட்டால் கண் இல்லாமலே போகும். ஆனால் நத்தை வேகத்துக்கு மேல் போகாது. திருப்புவதும் நிறுத்துவதும் ஓட்டுகிறவர் கையில். இடித்தால் இடித்ததுதான்.

ராஜாவை இறங்கச் சொன்னாள். தானே ஏறினாள்.

"அங்கிள், முதல் நடை மெதுவாத்தான் போகும். வேகத்த அப்புறம் காட்டுறேன்."

சாவி திரும்பியது. எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. மாலை ஆட, பொட்டு மின்ன, துவரம் பருப்பைச் சுமந்துகொண்டு மெஷின் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அந்த வேகத்துக்கு ஓடிப்போய்ப் பார்க்க முடியுமா என்ன? எல்லோரும் பின்னாலேயே நடந்தார்கள். லோரிக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மாணிக்கம் கையைக் கூப்பிவிட்டார். தேர் பார்த்த கண்ணுக்கு அது தேரேதான். நான் மட்டும் ரேக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்த நாலு விரலையே பார்த்துக்கொண்டு நடந்தேன். குளோரியா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் நின்றது. இடுப்பு மடங்கியது. முன்பாதி மெல்ல ரேக்கைப் பார்த்துத் திரும்ப, பின்பாதி அசையாமல் நின்றது. பருப்பு மேலே போனது, தட்டில் உட்கார்ந்தது. சத்தமே இல்லை. வந்த வழியே அதே நிதானத்தில் வெளியே வந்தது.

"என்னா மரியாதையாப் போகுது பாத்தீங்களா," என்றார் மாணிக்கம். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

இத்தோடு விட்டிருக்கலாம். நானாக இருந்தால் விட்டிருப்பேன். வாழ்நாள் முழுக்க மெஷின் மரியாதையாகவே போகும் என்று ஆர்டரை வாங்கிக்கொண்டு ஓடியிருப்பேன். குளோரியா விடவில்லை. எல்லோரும் கேசரி சாப்பிடப் போனதும் மாணிக்கத்தைத் தனியே மெஷினருகே அழைத்துப்போனாள். நானும் பின்னாலேயே போனேன், கேசரியோடு.

"அங்கிள், இது நெத்தி இல்ல. கண்ணு. அதான் முதல்ல நகரல. சொல்லாம ஆர்டர் வாங்கக் கூடாது."

மாணிக்கம் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் கேசரியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"கண்ணுல இவ்ளோ குங்குமத்த அப்புனா நானே நடக்க மாட்டேனே மா," என்றார். அப்புறம் தன் வேட்டி நுனியைப் பன்னீரில் நனைத்து, தான் வைத்ததைத் தானே, குழந்தைக்கு முகம் துடைப்பது போலத் துடைத்தார். துடைத்துக்கொண்டே கேட்டார். "ஆனா இதுதான் நெத்தின்னு சார்தானே சொன்னாரு?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க ஓர் இடுப்பு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாவது நடையில் ராஜா ஓட்டினான். மெஷின் பறந்தது. ஆர்டர் மூன்று. கூடவே ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த மெஷினில் நெற்றி எதுவென்று எவனையும் கேட்கத் தேவையில்லாதபடி செய்துகொடுக்க வேண்டும்.

நேற்று குளோரியா புது வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினாள். கண்ணுக்கு நன்றாக மேலே, உள்ளங்கை அகலத்தில், ஒரு வட்டத் தகடு. உலகத்தில் வேறெந்த ஃபோர்க்லிஃப்டிலும் இல்லாத பாகம். அது எதையும் தூக்காது, தாங்காது. எதனோடும் எந்த இணைப்பும் கிடையாது. பளபளவென்று முன்னால் நிற்பது மட்டுமே அதன் வேலை. ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருந்தாள். தகட்டுக்கு நேரே எழுதியிருந்த பெயர்: அத்தான்.