மேசைதான் உயரம்

தையல் கடையில் எங்கள் அக்காவுக்குப் பொத்தான் தைக்கிற வேலை மட்டும்தான். துணி வெட்டுவதில் அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் வெட்டுகிற மேசை, நின்று வேலை செய்கிற முதலாளிக்காகப் போட்டது. சக்கர நாற்காலியில் இருக்கும் அக்காவுக்கு அது மூக்கில் இடிக்கும். "உனக்கு எட்டாதும்மா, விடு" என்பார் அவர், ஏதோ பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா ஒரு ஃபுட்பால் பைத்தியம். ஒரு நாள் டிவியில் பார்த்த ஆட்டத்தில் எங்கள் நாட்டு அணி தோற்றுப்போனது. கோல் போட வேண்டிய வீரர் குட்டை. பந்தெல்லாம் அவர் தலைக்கு மேலேயே பறந்தது. "இவ்வளவு குட்டையான ஆளை ஏன் இறக்கினீங்க?" என்று ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் கோச்சைக் குடைந்தெடுத்தார்கள்.

கோச் அசரவில்லை. "அவர் குட்டை இல்லைங்க. நாங்கதான் பந்தை உயரமா போட்டோம். அடுத்த ஆட்டத்துல அவர் காலுக்குப் போடுவோம்" என்றார்.

"கேட்டியாடி?" என்றாள் அக்கா. டிவியை அணைத்துவிட்டாள்.

மறுநாள் மடியில் ரம்பத்தோடு கடைக்கு வந்தாள். முதலாளி பதறிப்போனார். "என்னம்மா, விளையாடுறியா?"

"ஆமாங்க, விளையாட்டுல கத்துக்கிட்டதுதான். நான் குட்டை இல்லை, உங்க மேசைதான் உயரம். அதோட காலை அறுத்துக் குறைக்கணும்."

"அப்போ நான் எப்படி வெட்டுறது?"

"ஒரு நாற்காலி கொண்டு வாங்க. நான் தினமும் கொண்டுதானே வர்றேன்!"