கிளியம்மாளின் குரலில் இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள்

கதிரேசன் ரயிலில் பாடுகிறவர். தாம்பரத்திலிருந்து கடற்கரைவரை, பதினாறு வருடங்களாக. பிறவியிலேயே பார்வை இல்லை. தோளில் ஒரு ஸ்பீக்கர், கையில் மைக், சட்டைப் பையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய எம்பி3 பிளேயர். அதில் பாட்டுகளின் இசை மட்டும் இருக்கும். குரல் இவருடையது.

பிளேயருக்குத் திரை உண்டு. அவருக்கு அதனால் பயனில்லை. நாற்பது பாட்டுகளின் வரிசையை மனப்பாடம் செய்திருந்தார். கீழ்ப் பொத்தானை ஏழு தடவை அழுத்தினால் மழைப் பாட்டு, ஒன்பது தடவை அழுத்தினால் தாலாட்டு. வண்டி குலுங்கிக் கணக்குத் தவறினால், காலை எட்டரை மணிக்குப் பல்லாவரத்தில் ஏறுகிறவர்களுக்குத் தாலாட்டு. அப்போது பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார். "அண்ணா, இதுல இன்னா பேரு வந்துகீது, பாத்து சொல்லு." சொல்வார்கள். சிலர் வாங்கிப் பார்த்துத் தங்களுக்குப் பிடித்த பாட்டை வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். அவருக்கு அதுதான் பிடிக்காது.

மேற்குத் தாம்பரத்தில் பார்வையற்றவர்களுக்கான ஒலி நூலகம் ஒன்றில் ஜென்சி வேலை செய்கிறாள். அவள்தான் பிளேயரில் இருந்ததை எடுத்துவிட்டு ராக்பாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். பிளேயர் பேச ஆரம்பித்தது.

"இது எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லண்ணா. எங்கெங்கயோ இருக்கறவங்க சேர்ந்து எழுதுறாங்க. யார் வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"அவங்க வூட்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

ஒரு குறை இருந்தது. இயந்திரக் குரல் ஆங்கிலத்தில் பேசியது. தமிழ்ப் பாட்டுகளின் பெயரைச் சொல்லும்போது அதற்குத் தும்மல் வருவதுபோல் இருந்தது. ஒவ்வொரு பாட்டின் பெயரையும் யார் குரலில் வேண்டுமானாலும் பதிந்து வைக்கலாம் என்றாள் ஜென்சி. யாருடைய குரல் வேண்டும் என்று கேட்டாள்.

"கிளி கொரலு" என்றார் கதிரேசன்.

கிளியம்மாள் அவர் மனைவி. கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் துப்புரவு வேலை. "என் கொரலா? தகரத்த தரைல இழுத்த மாறி இருக்கும்யா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரம்தான் ஸ்ரீநிவாசராகவன் ரயிலில் அவரைப் பிடித்தார். கீழ்க்கட்டளையில் ஒரு காலனி நலச் சங்கத்தின் செயலாளர். பொங்கல் விழாவில் ஒரு மணி நேரம் பாட வேண்டும். ஜனங்கள் கேட்கிற பாட்டை உடனே பாட வேண்டும்.

"பாட்டு எடுத்துக் குடுக்க ஒருத்தரைக் கூட அழைச்சுண்டு வந்துடுங்கோ."

"நானே எடுப்பேன் சார். மேடைல நான் மட்டும்தான்."

சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து கிளியம்மாளிடமும் சொன்னார். அன்று ராத்திரியே அவள் சோறு கொதிக்கும்போது கைப்பேசியை ஜன்னல் கட்டையில் வைத்துப் பதிய ஆரம்பித்தாள். மனப்பாடம் செய்ய வேண்டாம் என்றானதும் நாற்பது பாட்டுகள் இருநூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தன; பதினோரு நாளில் எல்லாவற்றின் பெயரையும் சொல்லி முடித்தாள். ஜென்சி அந்தப் பதிவுகளை பிளேயரில் ஏற்றினாள். முதல் பத்தைக் கேட்டதும் கதிரேசன் சொன்னார்:

"பேர மட்டுந்தானே சொல்ல சொன்னேன்?"

"பேரு மட்டும் உனுக்குப் பத்தாது."

விழாவன்று மைக்செட்காரர் பிளேயரில் ஒயரைச் செருகி, கழன்றுவிடாமல் கறுப்பு டேப் சுற்றினார். ரயிலில் கதிரேசன் முதலில் இயர்போனைச் செருகிப் பாட்டைத் தேடுவார். பிறகு அதைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் ஸ்பீக்கர் ஒயரைச் செருகுவார். இங்கே துளை டேப்புக்குள் போய்விட்டது. ஒரு மணி நேரம் தனியாக நிற்க வேண்டும் என்ற நினைப்பில் அவருக்கு அது உறைக்கவில்லை.

"மழைப் பாட்டு ஒண்ணு பாடுங்க" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

பொத்தானை அழுத்தினார். நான்கு பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து கிளியம்மாள் பேசினாள்.

"மழ பாட்டு. மேல போவும். மூச்ச புடிச்சிக்க. போன தபா கத்திட்ட."

காலனி முழுக்கத் திரும்பி ஸ்பீக்கர்களைப் பார்த்தது. பிறகு சிரித்தது. ஸ்ரீநிவாசராகவன் மேடைக்கு ஓடி வந்து பிளேயர்மேல் கை வைத்தார்.

"இப்படிக் குடுங்கோ, நான் பாத்து எடுத்துத் தரேன்."

"கைய எடுங்க சார். கேட்டா கேட்டுட்டுப் போவுது."

மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடினார். மேலே போனார். கத்தவில்லை. கைதட்டல் வந்தது. அதற்குப் பிறகு யாரும் பாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. "அடுத்தத அமுக்குண்ணா, அக்கா இன்னா சொல்றாங்க பாப்போம்!"

"டூயட்டு. பொம்பள கொரலயும் நீயே பாடாத, கேக்க முடில."

முன்வரிசைப் பெண் எழுந்து வந்து அந்தக் குரலைப் பாடிவிட்டுப் போனாள்.

"சாமி பாட்டு. செருப்ப கழட்டிட்டு பாடு."

மேடையில் செருப்பைக் கழற்றினார். விசில் பறந்தது.

"யோவ், அத்த நிறுத்துய்யா! மானம் போவுது!" என்று கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல். அதே குரல். எல்லாத் தலைகளும் திரும்பின. கிளியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து நாற்காலிக்காரி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"டேப்ப பிரிச்சுரட்டுமாண்ணே?" என்றார் மைக்செட்காரர் ரகசியமாக.

"இருக்கட்டும்பா."

ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. பொத்தானை அழுத்தினார். அவர் இதுவரை கேட்டிராத பதிவு ஒன்று வந்தது. குரல் தணிந்திருந்தது. பின்னால் சோறு கொதிக்கும் சத்தம்.

"இது எனுக்கு. வெளிய பாடாத."

கூட்டம் கூச்சல் போட்டது. "பாடு! பாடு!" செயலாளரும் நாற்காலியிலிருந்து எழுந்து, "பாடுங்களேன் கதிரேசன்!" என்றார். குழந்தைகள் மேடைப் பலகையைத் தட்டினார்கள்.

கதிரேசன் விரலைப் பொத்தான்மேல் வைத்தபடி நின்றார். சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"வூட்ல ஆர்டர் போட்டுகீது சார்."

கீழ்ப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினார்.

"இத்த பாடு" என்றாள் கிளியம்மாள், பழையபடி தகரக் குரலில். "இத்த நல்லா பாடுவ."