பியர்பொன்ட்ஸ் வீட்டுப் புனிதர்

பேராசிரியர் அருளப்பு காலமான செய்தியை அவருடைய துணைவியார் றோஸ்மலர் அக்காவே தொலைபேசியில் சொன்னார். “விடிய மூச்சு நிண்டுட்டுது, சேர். நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுத வேணும். உள்ளதை எழுதுங்கோ. அவருக்குப் பொய் பிடிக்காது.”

பிடிக்காதுதான். மொன்றியல் கல்லூரியொன்றில் அவர் இருபது ஆண்டுகள் வரலாறு கற்பித்தார். நான் அங்கே நூலகத்தில் இருந்தேன். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய, இத்தாலிய மறுமலர்ச்சிக்கால அறிஞர் ஒருவர்மீது அவருக்குத் தீராத பற்று. பழைய சுவடிகளில் மற்றவர் விட்ட பிழைகளைத் தோண்டியெடுத்து, நண்பர் பகைவர் பாராமல் நாறடித்த மனிதராம் அவர். “அந்தாளுக்கு முகத்தாட்சணியம் எண்டதே இல்லை” என்று பேராசிரியர் பெருமையோடு சொல்வார். சொன்னவருக்கு மட்டும் இருந்ததாக்கும்! என் தாயாருக்கு நான் எழுதிய இரங்கற்பாவைச் செத்தவீட்டிலேயே சிவப்புப் பேனாவால் திருத்தித் தந்தவர். வாங்கிக்கொண்டு நன்றியும் சொன்னேன், வெட்கங்கெட்டவன்.

அந்த அறிஞரின் படம் மொன்றியலின் புறநகரான பியர்பொன்ட்ஸில் இருந்த அவர்களுடைய வீட்டு வரவேற்பறையில் தொங்கியது. நீண்ட அங்கி, கையில் புத்தகம், மேல்நோக்கிய கண்கள். மன்னாரிலிருந்து கலியாணமாகி வந்த றோஸ்மலர் அக்கா அவரைப் புனிதர் என்றே நம்பினார். இறுதிப் போரில் காணாமற்போன தம்பி திரும்பி வர வேண்டுமென்று நாள்தோறும் அந்தப் படத்தின்முன் மெழுகுதிரி கொளுத்தினார். சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தையிலிருந்து பூ வாங்கி வந்து வைப்பார். பேராசிரியர் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். இப்படியே பத்து வருடம் போனது.

பேராசிரியர் ஓய்வுபெற்ற விருந்தில், “புனிதர் என்ர தம்பியைக் கைவிட மாட்டார்” என்று அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பேராசிரியர் கரண்டியால் கிளாசைத் தட்டினார்.

“இஞ்சரும், அது புனிதர் இல்லை. கோயில் பக்கம் தலைவைச்சும் படுக்காத ஆள். உம்மட மெழுகுதிரியெல்லாம் வீண்.”

வந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “பத்து வருஷமாப் பிழையான ஆளிட்டையே தம்பியைக் கேட்டனான்?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கும் தெரியுமோ, சேர்?”

நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவி நான், வேறென்ன சொல்ல?

அன்றோடு மெழுகுதிரி நின்றது. தம்பியைப் பற்றியும் அக்கா பிறகு கதைக்கவேயில்லை. படத்தைக் கழற்றப் பேராசிரியர் விடவில்லை.

நேற்று இறுதிச் சடங்கில், பெட்டியை மூடுமுன் அக்கா அந்தப் படத்தைக் கொண்டுவந்து அவருடைய நெஞ்சில் வைத்தார். குருவானவர் குனிந்து பார்த்தார்.

“இவர் எந்தப் புனிதர், அம்மா?”

“பேர் தெரியாது, ஃபாதர். ஆனால் பெரிய புனிதர். என்ர மனுசன் இவரைக் கும்பிடாத நாளில்லை.”

குருவானவர் சிலுவை வரைந்து, படத்துக்கும் தீர்த்தம் தெளித்தார். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சரிதானே, சேர்?”

“ஓம் அக்கா” என்றேன்.

பேராசிரியரே, நீங்கள் வெறுத்த பொய்யை நெஞ்சில் சுமந்துகொண்டு போகிறீர்கள். பெட்டியருகே அதைத் திருத்த நான் ஒருவன்தான் நின்றேன். திருத்தவில்லை. போய் வாருங்கள்.