அக்காவாக இறங்கி வந்த மலை

போன வருடத்துக்கு முந்தைய வருடம், கார்த்திகை மாதம். தீபம் முடிந்தும் மழை விடாமல் தூறிக்கொண்டிருந்த நாட்கள். செஞ்சிக் கோட்டையில், ஜனங்கள் அதிகம் போகாத சந்திரகிரி மலைப் பக்கத்தில் இது நடந்தது.

நான் செஞ்சியிலேயே பிறந்து, செஞ்சியிலேயே வாழ்க்கைப்பட்டவள். திருவண்ணாமலை ரோட்டில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு ஒரே அக்கா. அவளைப் பாண்டிச்சேரியில் கட்டிக்கொடுத்தார்கள். மாமாவுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. கல்யாணமான சூட்டோடு அக்காவை பிரான்சுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே அவருக்குத் தபால் இலாகாவில் வேலை. ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். நம் ஆட்கள் யாரும் பக்கத்தில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் காட்டு வழியாக நடக்கப் போவார்கள். மரங்களில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்குமாம். அதைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தப்பாதாம். காடு முடிகிற இடத்தில் ஏதாவது ஒரு பழைய கோட்டை நிற்கும். கூம்பு கூம்பாகக் கூரை, சுற்றிலும் அகழி, சுவரெல்லாம் கொடி. அதன் முன்னால் கோட்டும் குல்லாயுமாக நின்று சிரிக்கிற போட்டோவை அக்கா எனக்கு அனுப்புவாள். கடைசி இரண்டு மூன்று வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை என்றில்லாமல் தினமும் போட்டோ வர ஆரம்பித்தது. மழையிலும் பனியிலும் நடந்திருப்பார்கள். நான் மிஷினில் குனிந்தபடி அதைப் பார்ப்பேன். கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த அக்கா ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டாள். என்னிடம் பாஸ்போர்ட்கூட இல்லை. அடக்கத்தை வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன். அங்கேயும் மழை பெய்துகொண்டிருந்தது.

அது நடந்து ஒரு வருடம் கழித்து மாமா மட்டும் வந்தார். அவர் பிள்ளை அங்கே விமானம் ஏற்றிவிட்டான், பாண்டிச்சேரியில் இருக்கும் அவர் தம்பி அழைத்து வந்து என் வீட்டில் விட்டார். ஆள் மெலிந்திருந்தார். மற்றபடி அதே மரியாதை, அதே சிரிப்பு. சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில் "சாப்பாடு ஆயிடுச்சாம்மா?" என்று கேட்பார். வாசலில் நின்று தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டே இருப்பார். வயசு, துக்கம், புது இடம். அப்படித்தான் நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டோம்.

கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்டார். "உங்கக்கா அங்க எந்தக் கோட்டையக் காட்டினாலும் ஒத்துக்க மாட்டா. எங்க ஊரு கோட்டைக்கு முன்னால இதெல்லாம் ஒரு கோட்டையான்னுவா" என்றார். சொல்லும்போதே கண் கலங்கியது. நான் கடையை மூடிவிட்டு அவரோடு கிளம்பினேன். கோட்டையின் பெரிய மலையான ராஜகிரியில் சுற்றுலா பஸ்களும் கூட்டமுமாக இருந்தது. அவருக்குக் கூட்டம் பிடிக்கவில்லை. "காட்டு வழியா போலாம்மா" என்றார். அதனால் சந்திரகிரிப் பக்கம் நடந்தோம்.

அந்தப் பக்கம் பாறையும் புதரும் அங்கங்கே சில மரங்களும்தான். இடிந்த கோட்டைச் சுவர் மலைமேல் ஏறிப் போகும். அதை ஒட்டி ஆடு மேய்ப்பவர்கள் போட்ட ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் சீத்தாச் செடியும் முள்ளும். வானம் இருட்டிக்கொண்டு மலையின் தலைமேல் இறங்கியிருந்தது. மாமா தொப்பியை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த வயதில் அப்படி ஒரு நடை. ரப்பர் செருப்போடு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் நின்றார். ஒரு மரத்தைத் தடவிப் பார்த்தார். அடுத்த மரத்துக்குப் போனார். அதையும் தடவினார்.

"பட்டை எங்க? ஒரு மரத்துலயும் பட்டை அடிக்கலையே" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். "நம்ம ஊர்ல யாரு மாமா பட்டை அடிக்கிறாங்க?"

அவர் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை என்று அந்தப் பார்வை சொன்னது. பிரெஞ்சில் கடகடவென்று ஏதோ சொன்னார், கோபமாக. பாதையை விட்டு விலகிப் புதருக்குள் நுழைந்துவிட்டார். "மாமா, மாமா" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பாறைக்குப் பாறை எதிரொலித்ததே தவிர பதில் இல்லை. முள்ளில் புடவை மாட்டியதை இழுத்துக் கிழித்துக்கொண்டு போனேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிப் பாறை. போனில் சிக்னல் இல்லை. பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற மலை, அன்றைக்கு என்னை யாரோ போலப் பார்த்தது.

தூறல் வலுத்தபோது, பாறை இடுக்கில் ஆடுகளோடு ஒதுங்கி நின்ற ஒரு அம்மாவைக் கண்டேன். என் நிலைமையைப் பார்த்ததுமே அவர் கேட்டார். "தொப்பி போட்ட பெரியவரா? சுனையாண்ட நிக்கிறாரும்மா. இன்னாண்ணா, வழுக்கும் இந்தாண்ட வான்னு கூப்டேன், காதுலயே வாங்கல. சீக்கிரம் போ. நான் கீழ போயி யாரையாச்சும் இட்டாரேன்."

அவர் காட்டிய பக்கம் ஓடினேன். மழையில் சுனை நிரம்பிக் கறுப்பாகக் கிடந்தது. அதை நோக்கிச் சரியும் பாறையில், பாசி படிந்த இடத்தில் மாமா நின்றிருந்தார். தண்ணீருக்கு அந்தப் பக்கம் இடிந்த சுவர் ஒன்று தெரிந்தது. அதை நோக்கிக் காலை எடுத்து வைப்பதும் பின்னால் இழுப்பதுமாக இருந்தார். ஒரு அடி சறுக்கினால் போதும். எனக்கு நீச்சல் தெரியாது.

"மாமா, வேணாம். இந்தாண்ட வாங்க" என்றேன். அவர் என்னை விட்டு இன்னும் ஒரு எட்டு கீழே போனார். பக்கத்தில் போகப் போக, யாரோ பிடிக்க வருகிறார்கள் என்று மிரண்டு விலகினார். அவருக்கு என்னைத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் யார் என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதுகூடச் சரியில்லை. வாயில் தானாக வந்துவிட்டது.

"இன்னாங்க, வூட்டுக்குப் போலாம் வாங்க."

அக்கா அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். எங்கள் இருவருக்கும் ஒரே குரல் என்று எல்லோரும் சொல்வார்கள்.

அவர் திரும்பினார். முகத்தில் இருந்த பயம் அப்படியே வடிந்தது. "எங்க போயிட்ட நீ?" என்றார். குழந்தை கேட்பது போல இருந்தது.

"இங்கதான் இருக்கேன். கையக் குடுங்க."

கொடுத்தார். பாறையில் உட்கார்ந்தபடியே அவரை இழுத்து மேலே ஏற்றினேன். பிறகு விடவே இல்லை, அவரும் விடவில்லை. அக்கா புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு மலையிறங்குவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கூச்சமாக இருந்தது. அழுகையாகவும் வந்தது. ஆனால் நான் மாமா என்று ஒரு தடவை கூப்பிட்டால் திரும்பவும் அவர் தொலைந்துவிடுவார் என்று பயம். வழியெல்லாம் அக்காவாகவே பேசிக்கொண்டு வந்தேன்.

பாதி வழியில் அவர் நின்றார்.

"கோச்சிக்கினியா?" என்றார்.

"எதுக்கு?"

"ஊருக்குப் போணும்னு நீ தெனம் அழுத. நடந்தா சரியாயிடும், வான்னு காட்டுக்குள்ள இட்டுக்கினு போனேன். அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்லியே ஏமாத்திட்டேன். என் மேல தப்புதான். இந்த வருஷம் கண்டிப்பா இட்டுக்கினு போறேன். உன் தங்கச்சியாண்ட விட்டுட்டு வரேன்."

மழையில் என் முகத்தை அவர் கவனிக்கவில்லை. சிரிக்கிற முகமாக எனக்கு வந்த அத்தனை போட்டோவுக்கும் பின்னால் அவள் அழுதுகொண்டு நடந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"வந்துட்டோங்க. இது செஞ்சிதான்" என்றேன்.

அவர் தலையைத் தூக்கி மலையையும் அதன்மேல் நனைந்துகொண்டிருந்த சுவரையும் ரொம்ப நேரம் பார்த்தார். "அப்படியா, வந்துட்டமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்தபடி இறங்கினார்.

கீழே அந்த ஆட்டுக்கார அம்மா கோட்டைக் காவலாளியோடு எதிரே வந்துகொண்டிருந்தார். அந்த அம்மா தன் முந்தானையை எடுத்து மாமாவின் தலையைத் துவட்டினார். நான் நன்றி சொன்னதாக ஞாபகமில்லை. சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

அன்று சாயங்காலம் அக்கா பிள்ளைக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவன் அழுதான். "எனக்குத் தெரியாது சித்தி. நான் போன் பண்ணா அம்மாதான் எடுப்பாங்க. அப்பா தூங்குறாரு, அப்பா குளிக்கிறாருன்னு சொல்வாங்க. எதையுமே காட்டிக்கல. அம்மா போனப்புறம் அப்பா மறந்து மறந்து பேசினதையும் துக்கம்னுதான் நெனச்சேன்." அவருக்கு ஞாபகம் நழுவத் தொடங்கியதை யாருக்கும் தெரியாமல் அவள் ஒருத்தியே சுமந்திருக்கிறாள். கடைசி இரண்டு மூன்று வருடங்களில் தினமும் நடக்கப் போனது ஆசைக்கு இல்லை. உட்கார வைத்தால் அவர் தனியாகக் கிளம்பிப் போய்விடுவார் என்றுதான் கூடவே நடந்திருக்கிறாள் என்று இப்போது நினைக்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள இனி ஆளில்லை.

பிள்ளை வந்து மாமாவை அழைத்துப் போனான். இப்போது அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வீடியோவில் பேசினால் என்னைப் பார்த்து மரியாதையாக வணக்கம் சொல்கிறார். அக்கா பெயரைச் சொன்னாலும் அவர் முகத்தில் எதுவும் அசைவதில்லை. அக்கா குரலில் இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

யாராவது போனில் "நல்லா இருக்கேன்" என்றால் இப்போதெல்லாம் நான் அதோடு விடுவதில்லை, இன்னொரு தடவை கேட்கிறேன். அக்காவிடம் அப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவள் காலமெல்லாம் காத்திருந்த "என் மேல தப்புதான்" என்ற அந்த ஒரு வார்த்தை, அவள் போன பிறகு, அவள் ஊரில், அவள் குரலில் பேசிய எனக்குக் கிடைத்தது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வழி தெரியாமல் இன்றைக்கும் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.