முப்பத்தோராம் படத்தின் கை

ஹுனைஸுக்கு இருபத்து நான்கு வயது. பள்ளிவாசல்துறையில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறான். சனி, ஞாயிறுகளில் மதுரங்குளிப் பக்கம் கலியாணப் படம் எடுக்கப் போவான். மாப்பிள்ளையிடம் 'கொஞ்சம் சிரிங்க' என்று சொல்லவும் கூச்சம். தானாகச் சிரிக்கும்வரை காத்து நிற்பான். அதனால் அவனுடைய ஆல்பங்களில் மாப்பிள்ளைகள் பெரும்பாலும் பசியோடு இருப்பார்கள்.

கொழும்பில் புகைப்படக்கலை படிக்கிறான். கடைசி வருட ஆய்வு றஹ்மத் உம்மாவைப் பற்றியது. கடற்கரைக் கருவாட்டு வாடியில் மீன் வெட்டி, உப்பிட்டு, காயப்போடுகிறவர். "முகம் வேணாம், கைய மட்டும் எடு" என்றுதான் சம்மதித்திருந்தார்.

திங்கட்கிழமை, விரிவுரையாளர் ஷானிகா மிஸ்ஸின் குறிப்புகள் வந்தன. பத்தொன்பது. வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதவேண்டும். மற்றப் பதினெட்டும் பக்க எண், மேற்கோள் என்று சில்லறைத் திருத்தங்கள். பன்னிரண்டாவதை மட்டும் என்னிடம் காட்டினான், போனைக் கையில் தராமலே.

'ஒன்பதாம் படத்தில் இடது பெருவிரலில் வெட்டுத் தழும்பு இருக்கிறது. முப்பத்தொன்றில் இல்லை. விளக்கவும்.'

விளக்கம் இதுதான். இரண்டு அத்தியாயம் முடிந்த நேரம் றஹ்மத் உம்மாவின் கணவர் முத்தலிபு மௌத்தானார். கணவனை இழந்த பெண்கள் இருக்கும் இத்தாவில் உம்மா உட்கார்ந்தார். நாலு மாதம் பத்து நாள் வெளியே வரமுடியாது, அந்நிய ஆண்கள் பார்க்கவும் கூடாது, அலங்காரமும் கூடாது. வாடிக்கு அவருடைய மகள் றிஸானா வந்தார். அதே கத்தி, அதே பலகை. ஹுனைஸ் றிஸானாவின் கையைப் படம் எடுத்து, கீழே 'றஹ்மத் உம்மா' என்று எழுதிவிட்டான். வெறும் கையைப் பார்த்து யார் ஆளைச் சொல்லப்போகிறார்கள்?

'வெளிச்சத்தில் தழும்பு மறைந்திருக்கலாம்' என்று செவ்வாய்க்கிழமை பதில் அனுப்பினான். ஒரு மணித்தியாலத்தில் மிஸ் எழுதினார்: 'அப்படியானால் மூலப் படத்தை அனுப்புங்கள்.'

அன்று அவன் சாப்பிடவில்லை. பொய்ப் படம் என்று முழு ஆய்வையும் தள்ளிவிட்டால் நான்கு வருடமும் போச்சு. புதன் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு றஹ்மத் உம்மா வீட்டுக்குப் போனான். வாசலில் றிஸானா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உம்மா திரைச்சீலைக்குப் பின்னால்.

"உம்மா, றிஸானா ராத்தாட கைக்கு உங்கட பேரப் போட்டுட்டன்."

"எப்ப எடுத்த படம்?"

"போன மாசம்."

"திகதியும் போட்டியா?"

"ஓம்."

"அடப் பாவி! அவட நகத்தில மருதோண்டி இரிந்திச்சே! இத்தாவில இரிக்கிறவ மருதோண்டி போட்டாளெண்டு ஊர் கதைக்காதா?"

ஹுனைஸ் இதை நினைத்தே பார்த்திருக்கவில்லை.

றிஸானா சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்கட உம்மாவப் புதுப்பொண்ணாக்கிட்டான்."

"நீ வாயப் பொத்து. வாப்பா மௌத்தாகி மூணு மாசத்தில உனக்கென்ன சிரிப்பு?" பிறகு ஹுனைஸிடம் கேட்டார். "மகன், அத எத்தின பேர் பாத்த?"

"மிஸ் மட்டுந்தான்."

"அவக்கு இண்டைக்கே சொல்லு."

"படத்த எடுத்துடவா உம்மா?"

"ஏன் எடுக்கோணும்? அவட பேரப் போடு. மீன வெட்டினது அவதானே."

அங்கேயே, வாசற்படியில் உட்கார்ந்து எழுதினான்: 'முப்பத்தொன்றிலிருந்து நாற்பது வரை உள்ளவை மகள் றிஸானாவின் கைகள். உம்மா இத்தாவில் இருக்கிறார். பெயரை மாற்றிப் போட்டது நான். நேற்று எழுதியதும் பொய்.' அனுப்பிவிட்டுப் போனை மடியில் கவிழ்த்து வைத்தான். றிஸானா கொடுத்த பிளேன்டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்ல முன்னம் பதில் வந்தது. அவனால் பார்க்க முடியவில்லை. நான்தான் வாசித்தேன்.

'இதற்குப் புள்ளி குறையும். மூன்றாம் அத்தியாயம் இனி மகளைப் பற்றியது, முழுதாகத் திருப்பி எழுதவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?'

"ஏலாது" என்றான் ஹுனைஸ் என்னிடம்.

போனை வாங்கி, 'ஓம் மிஸ்' என்று எழுதினான்.