நாலு அரக்கு இழைகள்

போன வாரம் செவ்வாய்க்கிழமை, முப்பது வருஷ நண்பன் ஒருவனை இழக்கப் பார்த்தேன். காரணம் – என் மூளை. அன்றைக்கு அது ரொம்ப நன்றாக வேலை செய்தது!

வாரத்தில் ஆறு நாள் தறி, ஒரு நாள் பேனா என்று காஞ்சிபுரத்தில் பிழைக்கிறவன் நான். எதையும் ‘ஏன்?’ என்று கேளுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை உங்களை வாட்டியிருக்கிறேன்…

அன்று காலை, தறியில் புதுப் பாவு – சேலைக்கு நீளவாக்கில் ஓடும் இழைகள். மிளகாய்ச் சிவப்பு உடல், அரக்குக் கரை. இரண்டு முழம் நெய்துவிட்டு நிமிர்ந்தால் – சிவப்புக்குள் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கோடு!

மூளை கிளம்பிவிட்டது. மழைக்காலம்… நூல் சரியாகக் காய்ந்திருக்காது. சாயம் போடும் நடேசனுக்கு மகள் கல்யாணக் கவலை… கவனம் இருந்திருக்காது. ஆக, குற்றவாளி நடேசன். எப்பேர்ப்பட்ட தர்க்கம்! சைக்கிளை மிதித்தேன்.

“இன்னாபா நடேசா, சாயம் போட்டியா, சாணி கரைச்சியா?”

தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டான்.

“எத்தினி இழைபா?”

“நாலு.”

“சாயம் கெட்டா மொத்த நூலும்ல கெடணும்? நாலு இழை மட்டும் எப்பிடிபா கெடும்?”

நியாயமான கேள்வி. அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

கூடவே வந்தான். தறியில் குனிந்து பார்த்தான். அப்புறம் என் மனைவி கமலாவைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

“என் சாயந்தாம்பா தப்பு. வேற போட்டுத் தரேன், விடு.”

நானும் நம்பினேன்! நாம் நினைத்ததையே ஒருவன் சொன்னால் அப்புறம் கேள்வி எங்கே வரும்?

“இல்லண்ணே,” என்றாள் கமலா. “கரை இழைய உடம்புல மாத்தி முறுக்கிட்டேன்.”

பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பதில் எங்கள் தெருவில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளா?

“மூணு மாசமா கிட்டத்துல எல்லாம் மங்கலா தெரியுது. சொன்னா, இழைய தொடாதேன்னுவீங்க. தொடாம நான் இன்னா பண்ணிக்கினு இருப்பேன்?” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஊசியில நூல் கோக்கக்கூட பக்கத்து வீட்டுப் பொண்ணத்தான் கூப்புடறேன். ஏன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

கேட்கவில்லை. கண்ணெதிரே நடந்தது… உலகத்தைக் கேள்வி கேட்பதில் நான் அவ்வளவு பிஸி!

நடேசனிடம் மன்னிப்புக் கேட்டேன். “கேள்வி கேளுபா, வேணான்னு சொல்லல. மொதல்ல ஊட்ல கேளு,” என்று தோளில் தட்டினான். பிறகு அவளிடம், “கண்ணாடி போட்டா சரியாப்பூடும், தங்கச்சி. நீ இல்லாம இந்தத் தெருவுல எவன் ஒழுங்கா முறுக்கறான்?”

நேற்று கண்ணாடி வந்தது. அந்த நாலு இழையையும் கமலாவே பிரித்து, சரியான இடத்தில் முறுக்கினாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முடித்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அய்யய்யோ… இவ்ளோ நரைச்சிடுச்சா உங்களுக்கு?”

பளிச்சென்று பார்க்கிறவர்களோடு குடித்தனம் நடத்துவது கொஞ்சம் கஷ்டம்தான். இருந்தாலும், இன்று காலை அந்தக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தது நான்தான்.